டிடிபி என்றால் டைப்பிங் இல்லை

மலேசியாவில் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடிவு வந்த பிறகு சில வாரங்களுக்கு, சுங்கை சிப்புட்டில் நான் வேலை பார்க்கும் அச்சுக்கடைக்கு நோட்டீஸ் அடிக்க வருகிறவர்களோடு யோசனை கேட்க வருகிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள். இந்த முறை ஓர் அம்மா மகளோடு வந்தார். செம்பனைத் தோட்டத்தில் உரம் போடுகிறவர். கையில் கல்லூரிக் கையேடு. அதில் ஒரு பாடத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார்: பயனீட்டாளர் தொடர்பு எழுத்தும் டெஸ்க்டாப் பப்ளிஷிங்கும் (சுருக்கமாக டிடிபி). "தம்பி, இது டைப்பிங் கிளாஸ்தானே? இதுக்கு எதுக்குக் காலேஜ்?" பக்கத்தில் பேனருக்குக் காத்திருந்த ஒருவர், "இப்ப எல்லாம் போன்லயே செஞ்சிரலாம்மா" என்றார்.

டைப்பிங்கும் இல்லை, போனில் முடிகிற காரியமும் இல்லை. அன்று கடையில் கூட்டம், அதனால் அந்த அம்மாவுக்கு அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. முழுதாகச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

தண்ணீர் நின்ற நாள்

சில வருடங்களுக்கு முன் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரு நோட்டீஸ் வந்தது. எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. ஏறக்குறைய இப்படித் தொடங்கியது: "மதிப்பிற்குரிய குடியிருப்பாளர்களுக்கு, குழாய் மேம்பாட்டுப் பணிகளை முன்னிட்டுத் தங்கள் பகுதிக்கான நீர் விநியோகத்தில் தற்காலிகத் தடை ஏற்படக்கூடும் என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்." அடுத்த பத்தி பணியின் அவசியத்தைச் சொன்னது. மூன்றாவது பத்தியின் நடுவில்தான் எந்த நாள், எத்தனை மணி என்று இருந்தது.

பிழை ஒன்றும் இல்லை. மரியாதையும் இருந்தது. ஆனால் எதிர்வீட்டுப் பாட்டி முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டு, "ஏதோ குழாய் வேலையாம்" என்று தாளை மடித்துச் சாமி மேடையில் வைத்துவிட்டார். அந்த நாள் வந்தது. அவர் வீட்டில் ஒரு வாளித் தண்ணீர்கூடப் பிடித்து வைத்திருக்கவில்லை.

அதே செய்தியை இப்படி எழுதலாம்:

"புதன்கிழமை காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை தண்ணீர் வராது. செவ்வாய் இரவே பிடித்து வையுங்கள். தண்ணீர் லாரி மதியம் கோயில் முன்னால் நிற்கும். குழாய் மாற்றுகிறோம், அதனால்தான் இந்தத் தடை."

தகவல் மாறவில்லை. வரிசைதான் மாறியது. முதல் நோட்டீஸ், அனுப்புகிறவர் தம் மனதில் நினைத்த வரிசையில் இருந்தது: ஏன் செய்கிறோம், என்ன செய்கிறோம், எப்போது. இரண்டாவது, படிக்கிறவருக்குத் தேவைப்படும் வரிசையில் இருக்கிறது: எனக்கு என்ன ஆகும், எப்போது, நான் என்ன செய்ய வேண்டும், அப்புறம் காரணம். "தடை ஏற்படக்கூடும்" என்பது "தண்ணீர் வராது" ஆனதையும் பாருங்கள். "ஏற்படக்கூடும்" என்றால் வந்தாலும் வரலாம், வராவிட்டாலும் வராமல் போகலாம். அதை நம்பி யாரும் வாளியைத் தூக்க மாட்டார்கள்.

பொருளையோ சேவையையோ பயன்படுத்தப்போகிறவர் படித்து, புரிந்து, ஒரு காரியத்தைச் சரியாகச் செய்வதற்காக எழுதுவதுதான் பயனீட்டாளர் தொடர்பு எழுத்து. பயனீட்டாளர் என்ற சொல் நம் நாட்டில் புதிதல்ல. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருப்பதால் தோட்டத்துப் பெரியவர்களுக்கும் அது பழகிய சொல். மருந்துப் பையில் ஒட்டும் சீட்டு, ரைஸ் குக்கர் கையேடு, வங்கிக் கடிதம், மசாலைப் பொட்டலத்தின் லேபிள் எல்லாம் இதில் அடங்கும். விளம்பரமும் இதன் ஒரு மூலையில் வரும், ஆனால் விளம்பரமே இது இல்லை.

பெரட்டும் தாளும்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கப் பெரட்டு, அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது, போதும். விடியும் முன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவார்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து நின்று, கம்பெனி தொடங்கிய கதையிலிருந்தா ஆரம்பிப்பார்? இன்னார் இந்தக் காடு, இன்னார் அந்த நிரை, மழை விடாவிட்டால் இன்ன ஏற்பாடு. நாலு வாக்கியம். கேட்டவர்கள் கலைந்து வேலைக்குப் போய்விடுவார்கள். யாருக்காவது புரியவில்லை என்றால் அங்கேயே, "அண்ணே, எந்த நிரை?" என்று கேட்டுக்கொள்ளலாம்.

தாளிடம் அப்படித் திருப்பிக் கேட்க முடியாது. இந்தப் பாடம் முழுவதற்கும் இதுதான் அச்சாணி என்பது என் எண்ணம். படிக்கிறவர் எதைக் கேட்பாரோ அதை எழுதுகிறவரே முன்கூட்டிக் கேட்டுப் பதிலையும் வைத்துவிட வேண்டும். அதனால் நல்ல ஆசிரியர் முதல் வகுப்பிலேயே கணினியைத் திறக்கச் சொல்ல மாட்டார். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, இதைப் படிக்கப்போவது யார், எங்கே நின்று படிப்பார், படித்து முடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதச் சொல்வார். கிளினிக் வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படிக்கிறவருக்கும், வீட்டில் உட்கார்ந்து கண்ணாடி போட்டுப் படிக்கிறவருக்கும் ஒரே மாதிரி எழுத முடியாது.

சட்டமும் இங்கே குறுக்கிடும். எங்கள் வாடிக்கையாளர் ஒரு அக்கா, வீட்டில் மிளகாய்த்தூள் அரைத்து விற்கிறார். "கைப்பக்குவம், நூறு சதவீதம் சுத்தம்" என்று லேபிளில் பெரிதாகப் போடச் சொன்னார். லேபிள் என்பது அவர் விருப்பம் மட்டும் இல்லை. 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகளின்படி, இங்கே தயாரித்துப் பொட்டலம் போடும் உணவின் லேபிளில் வேண்டிய விவரங்கள் மலாயில் இருக்க வேண்டும். தமிழைக் கூடவே சேர்த்துக்கொள்ளலாம். பொருளின் பெயர், நிகர எடை, தயாரிப்பாளரின் பெயர், முகவரி எல்லாம் வேண்டும். சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலில் வரும்படி வரிசைப்படுத்த வேண்டும். அப்புறம் அந்த "நூறு சதவீதம் சுத்தம்". மெய்ப்பிக்க முடியாததை எழுதி வாங்குகிறவரைத் தவறாக நம்பவைத்தால், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கேட்கலாம். அக்காவிடம் இதைச் சொன்னதும், "அப்ப அரைச்ச தேதியப் பெருசாப் போடு" என்றார். அதுதான் சரியான வாசகம். வாங்குகிறவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவதும் அதைத்தானே.

கொஞ்சம் நின்று திரும்பிப் பார்ப்போம். பாடத்தின் முதல் பாதி எழுத்து. அழகான நடை இங்கே இரண்டாவதுதான். படிக்கிறவரின் கேள்விகளை முன்கூட்டியே யோசித்து, அவருக்குத் தேவையான வரிசையில், அவர் செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்வது முதலாவது.

டெஸ்க்டாப் பப்ளிஷிங் என்ற பெயர் எங்கிருந்து வந்தது

பழைய அச்சகங்களில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக அடுக்குவார்கள். அதற்கு அச்சுக்கோத்தல் என்று பெயர். எழுதுகிறவர் ஒருவர், கோப்பவர் ஒருவர், படக்கட்டை செய்பவர் ஒருவர், பக்கத்தைக் கட்டுபவர் ஒருவர் என்று பல கைகள் தேவைப்பட்டன.

1985இல் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கைக்கு வந்தன: ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினியில் ஓடும் பேஜ்மேக்கர் என்ற மென்பொருள், லேசர்ரைட்டர் என்ற அச்சுப்பொறி, பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று அந்த அச்சுப்பொறிக்கு விளக்கும் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி. அச்சகம் செய்த வேலையின் பெரும்பகுதி ஒரு மேசைமேல் வந்துவிட்டது. பேஜ்மேக்கரை வெளியிட்ட ஆல்டஸ் நிறுவனத்தின் பால் பிரெய்னெர்ட்தான் டெஸ்க்டாப் பப்ளிஷிங் என்ற பெயரை வைத்தவர். மலேசியரான முத்து நெடுமாறன் முரசு தமிழ் மென்பொருளைக் கொண்டுவந்ததும் அதே 1985இல்தான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஆக டிடிபி என்பது எழுத்து, படம், கோடு, நிறம் எல்லாவற்றையும் கணினியில் ஒரு பக்கமாகக் கோத்து, அச்சுக்கு ஒப்படைக்கும் வேலை. டைப்பிங் அதற்குள் ஒரு சிறு படி. எழுத்து வேறு ஒருவர் அடித்துக் கொடுத்ததாகவும் இருக்கலாம்.

நிரை பிடித்த பக்கம்

செம்பனைத் தோட்டத்துக்குள் நடந்து பாருங்கள். ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளியில், முக்கோண அமைப்பில் கன்று வைத்திருப்பார்கள். உள்ளே நிற்கிறவருக்கு முக்கோணம் எதுவும் தெரியாது. ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் நேராக ஒரு பாதை தெரியும். நடும்போது கயிறு பிடித்து அளந்ததால் வந்த பாதை அது.

பக்கத்துக்கும் அப்படி ஒரு கயிறு உண்டு. அதற்குக் கட்டம் என்று பெயர்: அச்சில் தெரியாமல், எழுத்தும் படமும் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று முன்கூட்டிப் போட்டுவைக்கும் கோடுகள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதைப் போடாமல், ஒன்றை இங்கே, இன்னொன்றை அங்கே என்று கண் அளவில் நகர்த்துவார்கள். படிக்கிறவரின் கண் ஒவ்வொரு வரிக்கும் புதிதாகப் பாதை தேட வேண்டியிருக்கும். நம் கோயில் திருவிழா நோட்டீஸ்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். உபயகாரர்களின் பெயர்கள், அம்மன் படம், நிகழ்ச்சி நிரல் எல்லாம் ஒரே உரத்த குரலில் பேசும். தீமிதி எத்தனை மணிக்கு என்று கண்டுபிடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும்.

அதற்கு மருந்து முக்கியத்துவ வரிசை. முதலில் பார்க்க வேண்டியது மிகப் பெரிது, அடுத்தது அதைவிடச் சிறிது, மற்றதெல்லாம் ஒரே அளவு. எழுத்தின் அளவைப் புள்ளி என்ற அலகில் சொல்வார்கள். 72 புள்ளி ஓர் அங்குலம். எல்லாவற்றையும் தடித்த எழுத்தில் போட்டால் எதுவுமே தடித்ததாகத் தெரியாது. காலி இடமும் வேலை செய்யும். முக்கியமான வரியைச் சுற்றி வெறுமை இருந்தால் கண் தானாக அங்கே போகும். "இவ்வளவு இடம் சும்மா கிடக்கே, இன்னொரு படம் போடலாமே" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் பொறுமையாக விளக்குவதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி.

தமிழுக்கென்று சில பழக்கங்கள் உண்டு. ஆங்கிலத்தை மட்டும் வைத்துக் கற்றுத்தரும் வகுப்புகளில் இவை விடுபட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். கி, கீ ஆகியவற்றின் கொக்கி மேலே ஏறும், கு, கூ ஆகியவற்றின் சுழி கீழே இறங்கும். அதனால் ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது, மேல்வரியும் கீழ்வரியும் முட்டிக்கொள்ளும். நம் சொற்களும் நீளமானவை. குறுகிய பத்தியில் இருபுறமும் சமமாக இழுத்து நிறுத்தினால், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே பெரிய ஓட்டை விழும். ஒன்று, இடப்பக்கம் மட்டும் நேராக்கிவிடலாம். இல்லை, நாளிதழ்களைப் போலச் சொல்லை நடுவில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம். உடைக்கும்போது அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். "வந்தா" முடிந்து "ர்கள்" என்று ஒரு வரி தொடங்கினால் கண் தடுக்கி விழும்.

மூன்று மொழி ஒரே பக்கத்தில் வரும் வேலைதான் இந்த ஊரில் அதிகம். மலாயையும் ஆங்கிலத்தையும் அடுக்கிவிட்டு மிச்ச மூலையில் தமிழை நெருக்குவது நடைமுறையாகிவிட்டது. எனக்கு இதைப் பார்த்தால் வேதனையாக இருக்கும். அதிக இடம் கேட்கும் மொழி எதுவோ அதை வைத்துக் கட்டத்தை அளந்தால் மூன்றும் மரியாதையாக உட்காரும்.

சீருடை

நூறு பக்கக் கையேட்டில் இருபது துணைத்தலைப்புகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் 14 புள்ளியிலிருந்து 16 ஆக்கச் சொல்கிறார் முதலாளி. ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து மாற்றுகிறவருக்கு டிடிபி இன்னும் வரவில்லை. பள்ளி, சீருடையின் நிறத்தை மாற்றுவதென்றால் ஒரு சுற்றறிக்கைதான் அனுப்பும், பிள்ளை பிள்ளையாகப் போய்ச் சொல்லாது. அந்தச் சுற்றறிக்கைக்கு இங்கே ஸ்டைல் என்று பெயர்: தலைப்பு இப்படி, பத்தி இப்படி, குறிப்பு இப்படி என்று பெயர் வைத்துச் சேமித்த அமைப்பு. ஸ்டைலை மாற்றினால் அதை அணிந்த எல்லா வரியும் தானாக மாறும். வேர்ட் மென்பொருளிலேயே இது இருக்கிறது.

சுருக்கிச் சொன்னால், கட்டம் இடத்தைத் தீர்மானிக்கிறது, முக்கியத்துவ வரிசை கண்ணை அழைத்துப்போகிறது, ஸ்டைல் பக்கத்துக்குப் பக்கம் ஒரே ஒழுங்கைக் காக்கிறது.

"பொங்கல்" ஏன் உடைகிறது

கடையில் அதிகம் கேட்கும் புகார் இதுதான்: "எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் இருந்துச்சு, இங்க வந்து எழுத்து உடைஞ்சிருச்சு."

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைப்பதற்குக் குறியாக்கம் என்று பெயர். அந்த எண்ணுக்கு எந்த வடிவத்தைக் காட்டுவது என்று சொல்லும் கோப்பு எழுத்துரு. பழைய தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் ஒரு குறுக்குவழி இருந்தது. ஆங்கில எழுத்தின் எண்ணை வைத்துக்கொண்டு அதன்மேல் தமிழ் வடிவத்தை முகமூடியாக மாட்டினார்கள். பாமினி எழுத்துருவில் "அம்மா" என்று அடித்தால், கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும், அம்மா காணாமல் போய்விடுவார்.

1991இல் வந்த யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கத்தில் தமிழுக்கென்று சொந்த எண்கள் கிடைத்தன. அ என்றால் 2949, க என்றால் 2965. எந்த நாட்டுக் கணினியிலும் அதே எண்தான். இனிமேல் தட்டச்சு செய்கிறவர்கள் யூனிகோடு தவிர வேறு எதையும் தொட வேண்டாம் என்பேன்.

அப்படியும் "பொங்கல்" உடைவதுண்டு. "பொ" சேமிக்கப்படும்போது முதலில் ப, அடுத்து ஒகரக் குறி என்று இரண்டு எண்களாக இருக்கும். திரையில் காட்டும்போது அந்தக் குறியைப் பிரித்து, கொம்பைப் ப-வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் போட வேண்டும். இந்தப் பொருத்தும் வேலையை மென்பொருள்தான் செய்கிறது. அது தெரியாத பழைய பக்க அமைப்பு மென்பொருள், கொம்பை இடம் மாற்றி வைத்துவிடும். இன்டிசைன் போன்ற மென்பொருளில் இந்திய மொழி எழுத்துகளைக் கோக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரைபஸின் புதிய பதிப்புகளும் தமிழைச் சரியாகக் கோக்கின்றன.

அச்சுக்கு அனுப்பும்போது பிடிஎஃப் கேட்பதும் இதனால்தான். பிடிஎஃப் பக்கத்தை அப்படியே உறைய வைக்கும் கோப்பு வகை. எழுத்துருவை அதற்குள்ளேயே பொதிந்து அனுப்பினால் எங்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

திரை வேறு, தாள் வேறு

படம் என்பது பிக்சல் எனப்படும் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. ஓர் அங்குலத்துக்குள் எத்தனை கட்டங்கள் என்பது தெளிவு. கையில் பிடித்துப் படிக்கும் அச்சுக்கு 300 என்பது வழக்கம். ஏ5 நோட்டீஸை ஒரே படம் நிறைக்க வேண்டுமானால் 1748க்கு 2480 கட்டங்கள் தேவை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது அளவைக் குறைத்துவிடும். ஆவணமாக அனுப்புங்கள், அப்படியே வரும். தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு இவ்வளவு தெளிவு வேண்டியதில்லை.

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சுப்பொறி நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மையைக் கலக்கிறது. ஒளியில் கிடைக்கும் பளிச்சென்ற பச்சை மையில் கிடைக்காது. "மங்கிப்போச்சு" என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் நான் முதலிலேயே ஒரு மாதிரித் தாளை அடித்துக் காட்டிவிடுவேன். இன்னொன்று, நிறம் தாளின் ஓரம் வரை போக வேண்டுமானால் ஓரத்தைத் தாண்டி 3 மில்லிமீட்டர் நீட்டிவிட வேண்டும். வெட்டும் கத்தி இம்மி விலகினாலும் வெள்ளைக் கோடு விழாமல் இருக்க.

அப்படியென்றால் போன் செயலி போதாதா?

ஒரு பிறந்தநாள் அட்டைக்குத் தாராளமாகப் போதும். நானே சொல்வேன். ஆயத்த வடிவம் தரும் செயலி, உங்கள் தாளைப் படிக்கப்போகிறவர் யார் என்று கேட்காது, லேபிளில் என்ன விடுபட்டது என்று எச்சரிக்காது, எண்பது பக்கக் கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கையை ஒழுங்காகக் கட்டுவதற்கும் அது பெரிதாக உதவாது.

அந்த அம்மாவின் மகளிடம், பதிவதற்கு முன் கல்லூரியில் சிலவற்றைக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். எழுத்துக்கு எத்தனை வாரம், மென்பொருளுக்கு எத்தனை வாரம்? தமிழில் ஒரு பக்கமாவது கோக்க வைப்பார்களா? செய்த பக்கத்தை வெளியாள் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிச் சோதிப்பார்களா? மூன்றாவது கேள்வி எப்படிப்பட்டது என்று புரியாமல் அந்தப் பெண் விழித்தாள்.

கடையில் அப்போது ஒரு சுகாதார முகாம் நோட்டீஸின் மாதிரித் தாள் கிடந்தது. அதை அவளுடைய அம்மாவிடம் நீட்டி, "அக்கா, இதுக்குப் போகணும்னா நீங்க என்ன கொண்டுபோகணும்?" என்று கேட்டேன். அவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினார், மறுபடி மேலே போனார். மகள் அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிக்கு முன்வரியில் அந்த விரல் நின்றது. "அடையாளக் கார்டாம்." மகள் என்னிடம் திரும்பி, "அண்ணே, அதை மேல கொண்டு வரணும்" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உட்கார்ந்து மாற்றத் தொடங்கினாள்.